ஆழ்கடலா, பார் விளிம்பா? குடும்பத்தோடு இரண்டு நாள் தூண்டிலுக்கு எது சரி

சிறிய படகில் குடும்பத்தோடு ஒரு சனி, ஞாயிறு கடலுக்குப் போய்த் தூண்டில் போடலாம் என்று முடிவானதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, என்ன மீன் பிடிக்கலாம் என்பதுதான். ஒருவருக்குப் பெரிய சூரை வேண்டும். இன்னொருவருக்கு மயில் மீன் தண்ணீரைவிட்டு எழும்பித் துள்ளுவதைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு எதுவானாலும் சரி, சீக்கிரம் கடித்தால் போதும். இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் திட்டம் தானாகவே தூரக் கடலை நோக்கி இழுத்துக்கொண்டு போகும், ஏனென்றால் பெரிய பெயர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நான் வேறொரு கேள்வியை முதலில் வைக்கச் சொல்வேன்: கரைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகலாம்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மீன், இரை, கயிற்றின் கனம், புறப்படும் நேரம் எல்லாம் அதற்குப் பின்னால் வந்து நிற்கும்.

நான் மனத்தில் வைத்திருக்கும் படகு ஆறு மீட்டர் நீளம், ஒற்றை அவுட்போர்டு எஞ்சின், மேலே ஒரு துணிக்கூரை. ஆட்கள்: பழகிய பெரியவர் ஒருவர், ஓரளவு பழகிய இன்னொருவர், இரண்டு பிள்ளைகள். இவர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. இருபது, இருபத்தைந்து கடல் மைல் ஓடி ஆழ்கடலில் லூர் (செயற்கை இரை) இழுப்பது ஒன்று. ஐந்தாறு கடல் மைலுக்குள் இருக்கும் பார் விளிம்பில், அதாவது கடலடிப் பாறைத்திட்டு சரிந்து இறங்கும் இடத்தில், உயிர் இரை போட்டு மெதுவாக நகர்வது இன்னொன்று. அதே பாரின் மேல் எஞ்சினை அணைத்துவிட்டு ஜிக்கிங் (உலோக இரையை ஆழத்துக்கு இறக்கி இழுப்பது), பாப்பர் (நீர்மேல் தெறித்து வரும் செயற்கை இரையை வீசுவது) என்று கையால் பிடிப்பது மூன்றாவது.

தூரக் கடலின் ஈர்ப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தண்ணீர் பச்சையிலிருந்து கருநீலமாக மாறும் அந்தக் கோட்டைத் தாண்டும்போது பெரியவர்களுக்கே மூச்சு ஒரு கணம் நிற்கும். மிதக்கும் மரத்துண்டு ஒன்று தென்பட்டால் அதன் அடியில் மாகி மாகி என்னும் மீன்கள் கூட்டமாக நிற்கலாம். அந்தக் கூட்டத்தில் தூண்டிலில் மாட்டிய ஒன்றைத் தண்ணீரிலேயே விட்டுவைத்தால் மற்றவை படகைச் சுற்றியே நிற்கும். அடுத்தடுத்து இரண்டு, மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் மீன் விழும். ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டுத் தண்ணீரில் குதித்தால் கீழே சூரைக் கூட்டம் சிறுமீன்களை மேலே விரட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மார்லின், வாகூ போன்ற பெரிய மீன்கள் வரலாம். இதெல்லாம் உண்மை.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். இருபத்தைந்து கடல் மைல் என்பது 46 கிலோமீட்டர். காலையில் கடல் அமைதியாக இருக்கும்போது 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். பிற்பகலில் நிலைமை மாறும். வெயிலில் தரை கடலைவிட வேகமாகச் சூடேறும். தரைமேல் காற்று எழும்பிப்போக, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வீசும். பல கரையோரங்களில் நண்பகலுக்குப் பிறகு இது 10, 15 நாட்டைத் தொட்டுவிடும். குறுகிய இடைவெளியில் வரும் அலைகளில் சிறிய படகை 12 நாட்டுக்கு மேல் ஓட்டினால் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகு தாங்காது. போன அதே தூரத்துக்குத் திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல். படகு தண்ணீரின் மேல் ஏறி ஓடாமல் உழுதுகொண்டே வருவதால் ஒவ்வொரு மைலுக்கும் எரிபொருள் கூடுதலாகப் போகும். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பாக ஒரு பங்கு என்று எரிபொருளைப் பிரித்து வைக்கும் பழைய விதி இதற்காகத்தான்.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தால்? இதுதான் என் முடிவைத் தீர்மானிக்கும் இடம். கண் சொல்வதும் உள்காது சொல்வதும் ஒத்துப்போகாததால் வருவது கடல் மயக்கம். கைக்குழந்தைகளை அது அதிகம் தொடுவதில்லை. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளைத்தான் பிடித்து ஆட்டும். தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லலாம், போனைப் பிடுங்கி வைக்கலாம், ஆட்டம் குறைந்த பின்பாதியில் உட்கார வைக்கலாம். மாத்திரை கொடுப்பதானால் புறப்படுவதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். எந்த மாத்திரை, எந்த வயதுக்கு என்பதை மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டும். ஒருமுறை நன்றாகத் தொடங்கிவிட்டால் கரையைத் தவிர வேறு மருந்து அநேகமாக இல்லை. பார் விளிம்பிலிருந்து கரை 15 நாட் வேகத்தில் இருபது நிமிடம். ஆழ்கடலிலிருந்து அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் தண்டனை. கடலை வெறுத்துப்போகும் பிள்ளைகள் பலர் மீன் கடிக்காததால் வெறுப்பதில்லை, திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டதால் வெறுக்கிறார்கள்.

லூர் இழுக்கும் ட்ரோலிங்கில் இன்னொரு சிக்கல், அது பெரும்பாலும் காத்திருப்பு. படகு 6 முதல் 9 நாட் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், ராடுகள் (தூண்டில் கம்புகள்) தாங்கிகளில் நிற்கும், மனிதர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரீல் அலறும்போது நடக்கும் பரபரப்பு அருமையானதுதான், ஆனால் அதற்கு முன்னால் மூன்று மணி நேரம் ஒன்றுமே நடக்காமல் போகலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் என்பது முடிவே இல்லாத காலம். இதோடு புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடும் படகில் பின்காற்று அடித்தால் எஞ்சின் புகை படகுக்குள்ளேயே சுழன்று திரும்பும். பக்கத் திரைகளை இறக்கிவிட்டிருந்தால் இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று தொடங்குவதால் கடல் மயக்கம் என்றே நினைத்துவிடுவோம். ட்ரோலிங் செய்யும்போது திரைகளைச் சுருட்டிவிடுங்கள், பிள்ளைகளைப் பின்விளிம்பில் உட்கார விடாதீர்கள்.

அப்புறம் அந்த மீன்களுக்கான கருவிகளின் கனம். 15 கிலோ இழுவையைத் தாங்கும் கயிறு போட்டால் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் கயிற்றை விட்டுக்கொடுக்கும் தடையை, கயிற்றின் வலிமையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம், அதாவது நான்கு, ஐந்து கிலோ இழுவிசை. ராடின் நீளம் நெம்புகோலாக வேலை செய்வதால் பிடித்திருக்கும் கைக்கு அது பல மடங்காகத் தெரியும். ஒரு சிறு பிள்ளை அதைத் தாங்காது. பெல்ட்டும் பட்டையும் மாட்டி ராடைப் பிள்ளையின் உடலோடு இணைப்பதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க மாட்டேன். பெரிய மீன் ஒன்று திடீரென்று கீழே பாய்ந்தால் பிள்ளையும் கூடவே போகும். ராட் தாங்கியிலேயே இருக்கட்டும், பிள்ளை ரீலை மட்டும் சுற்றட்டும். 1939இல் தொடங்கப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி, மீனோடு போராடும்போது வேறொருவர் ராடைத் தொட்டால் அந்த மீன் சாதனைப் பட்டியலில் சேராது. குடும்பப் படகில் யாருக்கு வேண்டும் பட்டியல்? கைமாற்றிக் கைமாற்றிப் பிடியுங்கள்.

இனி பார் விளிம்பு. இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஓடிவரும் நீரோட்டம் கடலடிச் சரிவில் மோதும்போது கீழே இருக்கும் சத்துள்ள நீர் மேலே தள்ளப்படுகிறது. அதைத் தேடி நுண்ணுயிர்கள், அவற்றைத் தேடிச் சிறுமீன்கள், அவற்றைத் தேடிப் பெரியவை. தூரக் கடலில் மைல் கணக்கில் தேடித் திரிய வேண்டிய உணவுச் சங்கிலி இங்கே ஒரு கோட்டில் வரிசையாக நிற்கிறது. வஞ்சிரம், கட்டா, பாறை மீன், கடல் விரால், ஊளி எல்லாம் இந்தக் கோட்டை ஒட்டித்தான் சுற்றும். பருவத்தில் மயில் மீனும் சிறு சூரையும் கரைக்கு இவ்வளவு அருகில் வருவதுண்டு. விளையாட்டு மீனுக்காக எப்போதும் ஆழ்கடலுக்குத்தான் போக வேண்டும் என்பது சரியல்ல.

இங்கே நாள் தொடங்குவதே பிள்ளைகளோடுதான். உயிர் இரை வேண்டும் என்றால் முதலில் அதைப் பிடிக்க வேண்டும். ஐந்தாறு சின்னத் தூண்டில் முட்களில் பளபளக்கும் இழை கட்டிய சபிக்கியைப் படகுக்கு அடியில் இறக்கி மெல்ல ஆட்டினால் போதும். மத்தியோ முரலோ ஒரே நேரத்தில் மூன்று, நான்கு மாட்டிக்கொண்டு வரும். புறப்பட்ட அரை மணி நேரத்துக்குள் பிள்ளைகள் கையில் மீன். அந்த நாளில் பெரிய மீன் எதுவும் வராவிட்டாலும் அவர்கள் மீன் பிடித்தவர்கள்தான். இரைத் தொட்டியைக் கவனிக்கும் பொறுப்பையும் அவர்களிடமே கொடுங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தொட்டியில் கூட்டம் சேர்ந்தால் ஆக்சிஜன் போதாமல் எல்லாமே செத்துவிடும், வட்டத் தொட்டியானால் மூலையில் முட்டிக் காயப்படாது. தூங்கி வழியும் இரையைவிடத் துடிப்பான ஓர் இரைக்கு இருக்கும் மதிப்பைப் பிள்ளைகள் ஒரே காலையில் புரிந்துகொள்வார்கள்.

இரையை மாட்டிப் பின்னால் விட்டு 1 முதல் 3 நாட் வேகத்தில் விளிம்பை ஒட்டி நெளிந்து நெளிந்து போவதுதான் வேலை. இரண்டு ராடு போதும். சிறிய படகில் நான்கு போட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் சிக்கலை அவிழ்ப்பதிலேயே காலை போய்விடும். வட்ட முள்ளைத்தான் பயன்படுத்துங்கள் என்பேன். மீன் இரையை விழுங்கிக்கொண்டு திரும்பும்போது அது நழுவி வந்து வாயின் ஓரத்தில் தானே மாட்டிக்கொள்ளும். ஓங்கி இழுத்துக் கொக்கி போடத் தேவையில்லை, இழுத்தால்தான் தவறிப்போகும். கயிறு இறுகும்வரை ரீலைச் சுற்றினாலே போதும், அதைச் சொல்லிக்கொடுத்தால் ஒன்பது வயதுப் பிள்ளையும் செய்யும். முள் தொண்டைக்குள் போகாததால் திரும்ப விடும் மீன் பிழைப்பதற்கும் வாய்ப்பு அதிகம். ஒரே எச்சரிக்கை, வஞ்சிரத்துக்கும் ஊளிக்கும் பற்கள் கத்தி போன்றவை. முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் கம்பி இல்லாவிட்டால் கயிற்றைக் கடித்துக்கொண்டு போய்விடும்.

கருவியும் இலேசாகிவிடுகிறது. ஆறு, எட்டு கிலோ கயிறு, இரண்டு கிலோ டிராக். பெரியவர் ஒருவர் பின்னால் நின்று லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டால் பத்து வயதுப் பிள்ளை ராடைத் தன் கையாலேயே பிடித்துப் போராட முடியும். தாங்கியில் இருக்கும் ரீலைச் சுற்றுவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அந்தப் பிள்ளையின் முகத்தில் பார்க்கலாம். லீடரை (முள்ளுக்கு முன்னால் கட்டும் கனமான கயிற்றை) பிடிப்பது மட்டும் பெரியவர் வேலை, அதையும் கையில் சுற்றிக்கொள்ளாமல் பிடிக்க வேண்டும். மயில் மீன் வந்துவிட்டால் படகுக்குள் தூக்காதீர்கள். கையுறை போட்டுக் கூரிய மூக்கைப் பிடித்துக்கொண்டு, படகை மெதுவாக முன்னே நகர்த்திச் செவுள் வழியாகத் தண்ணீர் ஓடவிட்டு, தெளிந்ததும் விட்டுவிடுங்கள். படத்தைத் தண்ணீரில் இருக்கும்போதே எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கும் குறைகள் உண்டு. இரை கிடைக்காத காலையில் திட்டமே ஆட்டம் காணும், அதனால் உறைந்த இரையோ சில லூர்களோ கைவசம் இருக்க வேண்டும். மற்றப் படகுகளும் இங்கேதான் கூடும். பாறைக்குள் பாய்ந்து கயிற்றை அறுக்கும் மீன்கள் உண்டு, பாதி மீனைச் சுறா கடித்துக்கொண்டு போவதும் உண்டு, அதைப் பார்த்துப் பிள்ளை அழுதால் தேற்ற வேண்டியிருக்கும். பவளப்பாறைக் கடல்களில் பிடிபடும் பெரிய ஊளியையும் பெரிய களவாவையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அவற்றின் சதையில் சிகுவாடெரா நச்சு சேர்ந்திருக்கலாம், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. ஆழ்கடல் மீன்களுக்கு வேறு விதமான கவலை: சூரை, மாகி மாகி போன்றவற்றைப் பிடித்த உடனே குளிரவைக்காவிட்டால் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும், அதுவும் சமைத்தால் போகாது. ஐஸும் கடல்நீரும் கலந்த கூழில் மீனை அமிழ்த்துவது வெறும் ஐஸ்மேல் வைப்பதைவிட வேகமாகக் குளிர்விக்கும். ஆனால் ஒரு பெரிய சூரைக்குப் போதுமான பெட்டியை ஆறு மீட்டர் படகில் வைத்தால் நான்கு பேருக்குக் கால் நீட்ட இடம் இருக்காது. இதையும் தூரத் திட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழியான ஜிக்கிங்கையும் பாப்பர் வீச்சையும் இளைஞர்கள் விரும்புவார்கள். ஐம்பது, அறுபது மீட்டர் ஆழத்துக்கு உலோக ஜிக்கை இறக்கி மேலே இழுத்து இழுத்து வருவது நல்ல உடற்பயிற்சி, மீனும் மூர்க்கமாகக் கடிக்கும். குடும்பப் படகுக்கு இதை நான் முதன்மையாக எடுக்க மாட்டேன். எஞ்சினை அணைத்து மிதக்கவிட்டால் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி உருளும், கடல் மயக்கத்தை வரவழைக்க அதைவிட நல்ல வழி இல்லை. மூன்று முள் கொத்து மாட்டிய பாப்பரைப் பின்னோக்கிச் சுழற்றி வீசும்போது பின்னால் ஒரு பிள்ளையின் முகம் இருக்கக்கூடிய அளவுக்குத்தான் படகில் இடம். இரை சலித்துப்போன நேரத்தில் பெரியவர் ஒருவர் அரை மணி நேரம் ஜிக் போடட்டும், அதுவரை சரி.

நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதும் தூரத்தோடு பிணைந்ததுதான். ஆழ்கடல் என்றால் ஒரே ஒரு நீண்ட நாள். மறுநாள் எல்லோரும் படுத்துக் கிடப்பார்கள். பார் விளிம்பு என்றால் இரண்டு காலைகள். விடியலுக்குச் சற்று முன் புறப்பட்டுப் பதினொரு மணிக்கு முன்பே கரை சேர்ந்துவிடலாம். கடித்தல் பெரும்பாலும் அதிகாலையில்தான் கூர்மையாக இருக்கும், கடற்காற்று எழும்புவதற்குள் வேலை முடிந்துவிடும், வெயிலில் வேகவும் வேண்டாம். இன்னொரு பெரிய ஆதாயம், முகத்துவாரம். ஆற்று வாயிலோ மணல்திட்டு வாயிலோ வழியாகப் போய்வருபவர்கள், வற்றத்தில் வெளியேறும் தண்ணீர் உள்ளே வரும் அலையோடு மோதும் நேரத்தில் அங்கே அலை செங்குத்தாக எழும்பி உடைவதைப் பார்த்திருப்பார்கள். பின்னால் வரும் அலை சிறிய படகைப் பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்ப்பது அங்கேதான். கரைக்கு அருகில் இருப்பவர் ஏற்றவற்றத்தைப் பார்த்து நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தூரத்திலிருந்து களைத்து வருபவர் எப்போது வந்து சேர்கிறாரோ அப்போது இருக்கும் நிலைமையைத்தான் சந்திக்க வேண்டும். இரண்டு காலைகளில் முதலாவது சரியாக அமையாவிட்டாலும் இரண்டாவது மிச்சம் இருக்கிறது, அதுவும் பெரிய நிம்மதி.

பாதுகாப்புப் பொருள்களில் அருகுக்கும் தூரத்துக்கும் பொதுவானவை பல. பிள்ளையின் எடைக்குப் பொருந்தும், கால்களுக்கு இடையே பட்டை உள்ள லைஃப் ஜாக்கெட்; ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு; எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவைப்பது. தூரம் போகும்போது கூடுவது தகவல் தொடர்பு. கைபேசி சிக்னல் பாதி வழியிலேயே நின்றுவிடும். 16ஆம் சேனலில் கூப்பிடும் வி.எச்.எஃப் ரேடியோ ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், கையடக்க ரேடியோவுக்கு இருபத்தைந்து மைல் எட்டாது. அங்கே 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் அவசர பீக்கன் இல்லாமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகவே கூடாது.

ஆக, என் தெரிவு பார் விளிம்பு, இரண்டு காலைகள், உயிர் இரை. இது எல்லாக் கரைக்கும் அப்படியே பொருந்தாது. கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, சில இடங்களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும், சில இடங்களில் சில கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். கருநீலத் தண்ணீர் ஆறாவது மைலிலேயே தொடங்கும் கரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை, அருகும் ஆழமும் ஒன்றுதான். பிள்ளைகள் வளர்ந்து, அவர்களே மார்லினைத் துரத்த வேண்டும் என்று கேட்டால், பெரிய படகில் அனுபவமுள்ள ஓட்டுநரோடு ஒரு நாள் வாடகைக்குப் போவதைச் சிறிய படகை நீட்டி இழுப்பதைவிட நல்லதாக நினைக்கிறேன்.

சொந்தப் படகிலேயே தூரம் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அடங்கவில்லை என்றால், அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையில் யாருக்கும் தலைசுற்றவில்லை, எஞ்சின் ஒழுங்காக ஓடியது என்பதெல்லாம் அப்போது தெரிந்திருக்கும். பிற்பகல்வரை காற்று 10 நாட்டுக்குக் கீழே என்று முன்னறிவிப்பு சொல்ல வேண்டும். அலை உயரத்தோடு அலை இடைவெளியையும் பாருங்கள்: ஒன்றரை மீட்டர் அலை பத்து வினாடிக்கு ஒருமுறை வந்தால் தாலாட்டு, ஐந்து வினாடிக்கு ஒருமுறை வந்தால் அடி. முன்னறிவிப்பில் வரும் உயரம் பெரிய மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிதான், அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் தனி அலை வரலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இன்னொரு படகு துணைக்கு வர வேண்டும். வரமாட்டேன் என்று சொல்லும் பிள்ளையைக் கரையில் ஒரு பெரியவரோடு விட்டுவிட வேண்டும். இத்தனையும் அமைந்தால் விடியலில் புறப்பட்டு லூர்களை விடுங்கள், பத்து மணியானதும் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கயிற்றைச் சுற்றிவிட்டுப் படகைக் கரைப் பக்கம் திருப்புங்கள்.